டொக்டர் ஆகாதவர்கள் செய்த மருந்து

உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் ஒரு பெண்பிள்ளை படிக்கிறாள் என்றால் எங்கள் பக்கத்தில் அவளிடம் கேட்பதற்கு ஒரேயொரு கேள்விதான் இருக்கிறது: “மெடிசின் கிடைக்குமா?” கிடைத்தால் வீட்டில் கந்தூரிச் சட்டி ஏறும். கிடைக்காவிட்டால், மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி இருந்தாலும், “பாவம் புள்ள, கொஞ்சத்தில தவறிட்டு” என்று நோயாளியைப் பார்க்க வருவதுபோல உறவினர்கள் வந்து போவார்கள். இசட் புள்ளியில் ஒரு தசமம் குறைந்தவளுக்கு நடப்பது இது.

இந்தப் பார்வை பிழை என்பது என் கருத்து. ஆறுதலுக்காக அப்படிச் சொல்லவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சையில் எங்கள் காலத்தில் நடந்துவரும் மிகப் பெரிய மாற்றம் எது, அதைச் செய்தவர்கள் யார் என்று தேடிப் படித்தபோது வந்த கருத்து இது. பெற்றோரும் இந்தச் சஞ்சிகையை வாசிப்பார்கள் என்பதால் விடயத்தைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகும் வழியில் தேற்றாத்தீவு இருக்கிறது. தேற்றா மரத்தால் வந்த பெயர் என்பார்கள். தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் உரைத்துவிட்டுக் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால் சேறு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். குழாய்நீர் வராத காலத்து மூத்தவர்களுக்கு இது தெரியும். கொட்டையிலுள்ள பொருள்கள் நீரில் மிதக்கும் துகள்களைப் பிடித்து ஒன்றுசேர்த்துக் கீழே இறக்கிவிடுகின்றன. இது எந்தத் துகள், நல்லதா கெட்டதா என்று அந்தக் கொட்டை பார்ப்பதில்லை.

நாங்கள் கேள்விப்பட்ட பழைய கீமோ மருந்துகளும் ஏறத்தாழ அப்படித்தான். வேகமாகப் பிரியும் கலம் எதுவானாலும் அவை தாக்கும். புற்றுநோய்க் கலம் வேகமாகப் பிரிகிறது, ஆகவே சாகிறது. மயிர்வேரின் கலமும் வாயின் உட்தோலின் கலமும் வேகமாகப் பிரிபவைதான். அதனால் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது. எத்தனையோ உயிர்களை இந்த மருந்துகள் காப்பாற்றியிருக்கின்றன. அவற்றைக் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அவற்றுக்கு ஆள் அடையாளம் தெரியாது.

ஆள் அடையாளம் தெரிந்த ஒன்று அல்லாஹ்வின் படைப்பில் எங்களுக்குள்ளேயே இருக்கிறது. குருதியிலும் நிணநீரிலும் சுற்றித் திரியும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை அது. தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் ரி-கலம் என்று பெயர். நெஞ்சென்புக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறிய சுரப்பியில் ஒவ்வொரு ரி-கலத்துக்கும் பரீட்சை நடக்கிறது. எங்கள் சொந்த உடலையே தாக்கக்கூடியது அங்கேயே அழிக்கப்படும். எதையும் அடையாளம் காணத் தெரியாததும் அழிந்துபோகும். நூற்றுக்கு ஐந்துகூடச் சித்தியடைவதில்லை. அதோடு ஒப்பிட்டால் எங்கள் உயர்தரப் பரீட்சை எவ்வளவோ இரக்கமானது!

சித்தியடைந்த ரி-கலம் தன் மேற்பரப்பில் வைத்திருக்கும் ஒரு புரதத்துக்கு ரி-கல வாங்கி என்று பெயர். அது என்ன செய்கிறது என்பதைப் பெற்றோருக்கு விளங்கப்படுத்த எங்கள் வீதியிலேயே ஓர் உதாரணம் இருந்தது. யுத்த காலத்தில் இந்தக் கல்முனை வீதியில் இருந்த சோதனைச்சாவடிகளை எங்கள் வாப்பாமாரும் உம்மாமாரும் மறந்திருக்கமாட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, அடையாள அட்டையை எடுத்து நீட்ட வேண்டும். உடலில் கருவுள்ள ஒவ்வொரு கலமும் ஒவ்வொரு நிமிடமும் இதைத்தான் செய்கிறது. தனக்குள் செய்யப்படும் புரதங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒரு தாங்கியில் வைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாங்கிதான் எச்.எல்.ஏ. மூலக்கூறு. ரி-கலம் தன் வாங்கியால் அந்தத் துண்டைத் தடவிப் பார்க்கும். வழமையான துண்டென்றால் போகவிடும். வைரசினுடைய துண்டென்றால், அல்லது கெட்டுப்போன ஒரு பரம்பரையலகின் துண்டென்றால், அந்தக் கலத்தைக் கொன்றுவிடும்.

இதில் முக்கியமான ஒரு நுணுக்கம் இருக்கிறது. பின்னால் எங்கள் ஊருக்கு வரும்போது அது தேவைப்படும். ரி-கலம் துண்டை மட்டும் பார்ப்பதில்லை, தாங்கியையும் சேர்த்தே பார்க்கிறது. 1974இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் பீற்றர் டொஹேர்ட்டி, ரொல்ஃப் ஸிங்கர்நாகல் என்ற இருவர் இதை எலிகளில் கண்டுபிடித்தார்கள். ஓர் இன எலியின் ரி-கலம் அதே இன எலியின் தொற்றுண்ட கலத்தைக் கொன்றது. அதே வைரஸ் தொற்றிய வேறு இன எலியின் கலத்தைத் தொடவில்லை. தாங்கி வேறு என்பதுதான் காரணம். 1996இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. டொஹேர்ட்டி படித்தது மிருக வைத்தியம். மாட்டு டொக்டர் என்று எங்கள் ஊரில் சிரிப்பார்களே, அந்தப் படிப்பு.

அப்படிப் பார்க்கும் வாங்கி எது என்பது இன்னும் பத்து வருடங்கள் தெரியாமலிருந்தது. 1984இல் அதன் பரம்பரையலகைக் கனடாவில் டாக் மாக்கின் குழுவும் அமெரிக்காவில் மார்க் டேவிஸின் குழுவும் தனித்தனியே பிரித்தெடுத்தன. இவர்கள் இருவரும் நோயாளி பார்க்கும் வைத்தியர்கள் அல்லர், ஆய்வுகூடக்காரர்கள். ரி-கலத்துக்குப் போட்டிருக்கும் “பிரேக்”கை எடுத்துவிட்டால் அது புற்றுநோயைத் தாக்கும் என்று காட்டி 2018இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜேம்ஸ் அலிசனும் அப்படியே.

கண்டுபிடித்ததைச் சிகிச்சையாக மாற்றிய கதைக்கு வருவோம். 2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இரண்டு தடவை திரும்பி வந்த குருதிப் புற்றுநோய். மருந்துகள் தீர்ந்துவிட்டன. அவளுடைய சொந்த ரி-கலங்களையே எடுத்து, அவற்றுக்குள் ஒரு புதிய பரம்பரையலகைச் செலுத்தி, ஆய்வுகூடத்தில் பெருக்கி, திரும்பவும் அவள் உடலில் ஏற்றினார்கள். அந்தக் கலங்களில் முளைத்த செயற்கை வாங்கிக்குக் கார் என்று பெயர். சிகிச்சையின் பெயர் கார்-ரி. கலங்கள் வேலையை இவ்வளவு வேகமாகச் செய்தன என்றால், அந்தக் கொந்தளிப்பிலேயே பிள்ளை மரணத்தின் விளிம்புக்குப் போய்விட்டது. அவளுடைய குருதியில் ஒரு குறிப்பிட்ட சுரப்பு மிகவும் கூடியிருப்பது தெரிந்தது. சிகிச்சையை வடிவமைத்த கார்ள் ஜூனுக்கு அந்தச் சுரப்பைத் தடுக்கும் மூட்டுவாத மருந்து ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அவருடைய சொந்த மகளுக்கே சிறுவயது மூட்டுவாதம் இருந்ததால் அந்த மருந்தைப் பற்றி அறிந்திருந்தார். அதைக் கொடுத்தார்கள். பிள்ளை பிழைத்தாள், இன்று அவள் இளம்பெண்.

2017இல் அமெரிக்க அரசு இதை அனுமதித்தபோது ஒருவருக்கான விலை 4,75,000 டொலர். இன்றைய எங்கள் பணத்தில் 14 கோடி ரூபாய்க்குக் குறையாது. “இது எங்களுக்கான கதை இல்லை” என்று இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் கதை அடுத்ததாக மும்பைக்கு வருகிறது.

மும்பை ஐ.ஐ.ரி.யில் ராகுல் புர்வார் என்ற உயிரியல் பேராசிரியரும் அவருடைய ஆய்வு மாணவர்களும் கார்-ரியைத் தாங்களே செய்துபார்க்கத் தொடங்கினார்கள். அம்மாணவர்களில் முக்கியமானவர் அல்கா திவேதி என்ற பெண். வெளிநாட்டு மருந்தை வாங்கி விற்க அவர்கள் முனையவில்லை. பரம்பரையலகை உள்ளே கொண்டுபோகும் வைரஸ் தொடக்கம் எல்லாவற்றையும் உள்ளூரிலேயே செய்தார்கள். டாட்டா நினைவு வைத்தியசாலையின் வைத்தியர்கள் நோயாளிகளில் பரிசோதித்தார்கள். அவர்கள் இல்லாமல் இது ஆய்வுகூடத்தைத் தாண்டியிருக்காது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். 2021 ஜூனில் முதல் நோயாளி. 2023 ஒக்டோபரில் இந்திய அரசின் அனுமதி. 2024 ஏப்ரல் 4இல் ஜனாதிபதி திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார். பெயர் நெக்ஸ்கார் 19. விலை ஏறத்தாழ 40 இலட்சம் இந்திய ரூபாய். இதுவும் எங்களுக்கு ஒரு கோடிக்கு மேல்தான், ஏழைக்கு எட்டாதுதான். ஆனாலும் அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்கு. தாங்களே செய்யத் தெரிந்ததால் குறைந்த விலை அது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இன்னும் ஒருபடி மேலே போனது. கம்பனிக்கு அனுப்பாமல், வைத்தியசாலைக்குள்ளேயே சுமார் ஒன்பது நாட்களில் கார்-ரி கலங்களைத் தயாரித்து 10 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான குருதிப் புற்றுநோய் இருந்த 6 பேரிலும் நோய் அடங்கியது. நிணநீர்ப் புற்றுநோய் இருந்த 4 பேரில் பாதிப்பேருக்கு அடங்கியது. முடிவுகள் 2025இல் வெளிவந்தன. எங்கள் ஊர்களிலிருந்து “வேலூருக்குக் கொண்டுபோகிறோம்” என்று நகையை விற்று நோயாளியைக் கூட்டிப்போன குடும்பங்களுக்கு அந்த இடம் தெரியும். அது எப்படித் தோன்றியது என்பது பலருக்குத் தெரியாது. ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் திண்டிவனத்தில் தங்கியிருந்த ஓர் இரவில் மூன்று கணவன்மார் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் கிடக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி கெஞ்சினார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. வைத்தியரான தந்தையை அழைத்துப்போகச் சொன்னார். ஆண் வைத்தியர் வேண்டாம் என்று மூவரும் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மூன்று வீடுகளில் ஒன்று முஸ்லிம் வீடு. ஐடா அமெரிக்கா போய் வைத்தியம் படித்துத் திரும்பி, 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பாடசாலையைத் தொடங்கினார். அது வளர்ந்துதான் இன்று ரி-கலத்துக்குப் பரம்பரையலகு ஏற்றுகிறது. பெண்பிள்ளையின் படிப்பு எத்தனை வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

சரி, இந்தியாக்காரர்கள் செய்துவிட்டார்கள், நாங்கள் அங்கே போய் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கார்-ரிக்கு அந்தப் பதில் ஓரளவு பொருந்தும். ஏனென்றால் காருக்குத் தாங்கி தேவையில்லை. அது கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் சி.டி.19 போன்ற ஒரு புரதத்தை நேரடியாகப் பிடிக்கிறது. ஆகவே மும்பைக்காரருக்குச் செய்த வடிவம் மட்டக்களப்பாருக்கும் வேலை செய்யும். ஆனால் அது இன்று வெல்லுவது பெரும்பாலும் குருதிப் புற்றுநோய்களைத்தான். எங்கள் நாட்டில் ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். பெண்களிடம் மார்புப் புற்றுநோய். இரண்டும் திண்மக் கட்டிகள்.

வாய்ப் புற்றுநோய் எங்களுக்கு வெகு தூரத்து விடயமல்ல. தேற்றாத்தீவு, களுதாவளை மணல் நிலத்தில் வெற்றிலைக் கொடி செழித்து வளர்கிறது. அங்கிருந்து காலையில் வரும் வெற்றிலை எங்கள் கடைகளில் தொங்குகிறது. தமிழ் வீடு, முஸ்லிம் வீடு என்ற பேதமின்றி எல்லா வீட்டு வட்டாவிலும் அது இருக்கிறது. கொடியை நட்ட தோட்டக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பாக்கும் புகையிலையும் சேரும்போதுதான் ஆபத்து. புகையிலை இல்லாத வெற்றிலைச் சுருளும்கூடப் புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே சொல்லிவிட்டது, பாக்கே போதுமான காரணி என்பதால். கல்யாண வீட்டில் வட்டாவை நகர்த்தும் ஒவ்வொரு தடவையும் எங்கள் உம்மம்மாமாருக்கு இதைச் சொல்வது பேத்திகளின் கடமை. திட்டுவார்கள், பரவாயில்லை. வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாயைத் திறக்க முடியாத இறுக்கம் என்றால் அடுத்த கிழமைக்குத் தள்ளாமல் கிளினிக்குக்குப் போக வேண்டும். எந்தப் புதிய சிகிச்சையும் இதற்கு ஈடாகாது.

இப்படிப்பட்ட கட்டிகளின் கெட்ட அடையாளங்கள் பெரும்பாலும் கலத்தின் உள்ளே இருக்கும் புரதங்களில்தான். உள்ளே இருப்பதைத் தாங்கியில் வைத்து நீட்டும்போது வாசிக்கக்கூடியது ரி-கலத்தின் இயற்கையான வாங்கி மட்டுமே. அதனால்தான் விஞ்ஞானிகள் இப்போது நன்றாக வாசிக்கும் வாங்கிகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் பரம்பரையலகை நோயாளியின் ரி-கலங்களுக்குள் வைக்கிறார்கள். 2024 ஓகஸ்டில் அமெரிக்காவில் இவ்வகையின் முதல் சிகிச்சை அனுமதி பெற்றது. டெசெல்ரா என்பது அதன் பெயர். மூட்டுகளுக்கு அருகே வரும் ஓர் அரிதான புற்றுநோய்க்கானது. ஆபத்தில்லாத பாதை என்றும் சொல்லமாட்டேன். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், புற்றுநோய்ப் புரதமொன்றைப் பிடிக்கச் செய்த வாங்கி, இதயத் தசையிலுள்ள வேறொரு புரதத்தின் துண்டையும் அதுவென்றே எண்ணித் தாக்கியதால் இரண்டு நோயாளிகள் இறந்துபோனார்கள். ஆள் மாறாட்டம் என்றால் என்ன விலை என்பதும் எங்கள் வீதிக்குத் தெரிந்ததுதான்.

இப்போது அந்த நுணுக்கம். டெசெல்ராவைப் பெறுவதற்கு நோயாளியிடம் எச்.எல்.ஏ-ஏ2 குடும்பத்தின் குறிப்பிட்ட சில வகைத் தாங்கிகள் இருக்க வேண்டும். கண் புற்றுநோய் ஒன்றுக்காக 2022இல் வந்த இன்னொரு மருந்துக்கு அந்தக் குடும்பத்தின் ஒரேயொரு வகைதான் சரிவரும். அந்த வகை ஐரோப்பிய வம்சத்தவரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் உண்டு. ஆய்வுகூடங்கள் அங்கே இருப்பதால் அந்தத் தாங்கியை வைத்தே பெரும்பாலான ஆய்வு நடந்தது. தெற்காசியரிடம் அது குறைவு. எங்களிடம் அதே குடும்பத்தின் வேறு வகைகளும் வேறு குடும்பங்களும் பரவலாக உள்ளன. அதாவது காசு இருந்தாலும், விமானச் சீட்டு இருந்தாலும், மருந்து எங்கள் உடலில் வேலை செய்யாமல் போகலாம். யாரும் எங்களை ஒதுக்கியதால் நடப்பதல்ல இது. எங்கள் தாங்கியை வைத்து ஆராய ஆள் இல்லாததால் நடப்பது.

நான் இந்தக் கட்டுரையை எழுதியதே இதைச் சொல்லத்தான். எங்கள் தாங்கிகளுக்குப் பொருந்தும் வாங்கிகளை யார் தேடுவார்கள்? வைத்தியர்களுக்கு நோயாளி பார்க்கவே நேரம் போதாது. உயிர்இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் படித்தவர்கள் தேட வேண்டும். எங்கள் நாடு இதில் வெறும் கையோடு நிற்கவில்லை. சிறுநீரக மாற்றுக்கு முன் “பொருந்துதா” என்று பார்க்கிறார்களே, அங்கே பார்ப்பதும் இதே எச்.எல்.ஏ.தான்; நாரஹேன்பிட்டியிலுள்ள தேசிய இரத்த நிலையத்தில் அதற்கு ஆய்வுகூடம் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இன்னும் பலர் வேண்டும்.

வாப்பாமார் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும்: “அதப் படிச்சா வேல எங்க?” நியாயமான கேள்வி. டொக்டருக்கு உள்ளதுபோல நியமனக் கடிதம் வீட்டுக்கு வராது. ஆய்வுகூடங்கள் குறைவு; மேற்படிப்புக்கு வெளிநாடு போக வேண்டி வரலாம்; பெண்பிள்ளையைத் தனியே அனுப்புவது எங்கள் வீடுகளில் இலேசான தீர்மானமல்ல. இதையெல்லாம் மறைத்துவிட்டுப் பேசினால் என் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் 2016இல் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் கைநீட்டியபோது இந்நாட்டின் எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்து 20 கோடி ரூபாயளவில் கொடுத்தார்கள். கடையில் உண்டியல் வைத்துச் சேர்த்தார்கள். சிறுபிள்ளைகள் சேமிப்பை உடைத்துக் கொடுத்தார்கள். ஓர் இயந்திரத்துக்கு அவ்வளவு கொடுக்க முடிந்த எங்களால், ஒரு மாணவியின் ஆய்வுப் படிப்புக்கு ஊர்ப் பள்ளிவாசல்களும் பழைய மாணவிகள் சங்கங்களும் சேர்ந்து ஒரு புலமைப்பரிசில் கொடுக்க முடியாதா? வருடத்துக்கு ஒருவர் போதும். நோயை இறக்கியவன் அதற்கான மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்று மத்ரஸாவில் ஏழு வயதில் படித்தவர்கள் நாங்கள். அந்த மருந்தைத் தேடும் வேலையை ஏன் எப்போதும் வேறொருவரிடம் விட்டுவிடுகிறோம்?

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தும் நாள் எங்கள் வகுப்புக்கு இன்னும் தூரமில்லை. எல்லோரும் முதலில் மருத்துவம் என்றே போடுவோம், அதில் பிழையில்லை. இரண்டாவது கட்டத்தில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனமும் மூலக்கூற்று உயிரியலும் என்ற கற்கைநெறியைப் போடப்போவதாக வீட்டில் சொன்னேன். உம்மா சரி என்றார். வாப்பா கைநூலைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தை வாசித்துக்கொண்டிருக்கிறார்.